ஒரு பானை சோற்றுக்கு எத்தனை சோறு பதம்?

2023ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி. சிங்கப்பூரில் அதிபர் தேர்தல் வாக்களிப்பு இரவு 8 மணிக்கு முடிந்தது. ஏறத்தாழ 2.5 மில்லியன் பேர் வாக்களித்திருந்தனர். எல்லாச் சீட்டுகளையும் எண்ணி முடிவை அறிவிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆனால், அதற்கு முன்னரே தேர்தல் துறை ஒரு கணக்கை வெளியிட்டுவிட்டது. திரு தர்மன் சண்முகரத்னம் 70 விழுக்காடு, திரு இங் கொக் சொங் 16 விழுக்காடு, திரு டான் கின் லியான் 14 விழுக்காடு என்பதே அந்தக் கணக்கு.

இறுதி முடிவு வந்தபோது மூவரும் முறையே 70.4, 15.7, 13.9 விழுக்காடு வாக்குகளைப் பெற்றிருந்தனர். முழு எண்ணாக மாற்றினால் முதலில் சொன்ன அதே 70, 16, 14.

இதில் சோதிடம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்தின் சீட்டுகளிலிருந்தும் 100 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டை, வேட்பாளர்கள் அல்லது அவர்களுடைய முகவர்களின் கண்முன்னே, பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் எடுத்து எண்ணுகிறார்கள். ஒரு நிலையத்தில் அதிகம் பேர் வாக்களித்திருப்பர். இன்னொன்றில் குறைவாக இருப்பர். அந்த வேறுபாட்டுக்கு ஏற்ப ஒவ்வொரு நூறுக்கும் உரிய மதிப்பைக் கொடுத்துக் கூட்டுகிறார்கள். மாதிரி வாக்கு எண்ணிக்கை எனப்படும் இந்த முறையின் முடிவுகளை 2015 பொதுத் தேர்தலிலிருந்து தேர்தல் துறை வெளியிட்டு வருகிறது. அத்துடன் ஒரு குறிப்பும் இருக்கும்: 95 விழுக்காட்டு நம்பகத்தன்மையுடன், கூடவோ குறையவோ 4 விழுக்காட்டுப் புள்ளி மாறலாம்.

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் பழமொழி. புள்ளியியல் அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்டதை நம் பாட்டிமார் அடுப்படியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று பெருமைப்படலாம். ஆனால், அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சோறு சீராக வெந்திருக்க வேண்டும். அடியில் குழைந்து மேலே அரைவேக்காடாக இருக்கும் பானையில், மேலிருந்து எடுத்த ஒரு பருக்கை உண்மையைச் சொல்லாது. மக்கள் கூட்டம் ஒருபோதும் சீராக வெந்த சோறு அன்று. வயது, வருமானம், மொழி, வசிப்பிடம் என அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும் பானை அது. அதிலிருந்து எத்தனை பருக்கைகளை, எங்கெங்கிருந்து, எப்படி எடுப்பது என்பதே கருத்தாய்வுக் கலை.

பானையின் அளவு முக்கியமா?

பலரும் முதலில் கேட்கும் கேள்வி இது: “ஆறு மில்லியன் பேர் வாழும் நாட்டில் ஆயிரம் பேரிடம் கேட்டால் போதுமா? முப்பது மில்லியனுக்கு மேல் மக்கள் உள்ள மலேசியாவுக்கு அதைவிடப் பல மடங்கு வேண்டாமா?”

வேண்டாம் என்பதே வியப்பான விடை. கறியில் உப்பு சரியா என்று பார்க்க ஒரு கரண்டி போதும். வீட்டுச் சட்டியானாலும் கல்யாண அண்டாவானாலும் அதே ஒரு கரண்டிதான். நன்றாகக் கலக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மாதிரியின் துல்லியத்தைத் தீர்மானிப்பது, எத்தனை பேரிடம் கேட்டோம் என்பது. மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு, மொத்தம் மிகச் சிறியதாக இருந்தால் ஒழிய, அதில் பெரிய பங்கு இல்லை.

இதற்கு ஓர் எளிய வாய்ப்பாடு உண்டு. கேட்டவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 100ஐ வகுங்கள். கிடைப்பதுதான் ஏறத்தாழ உங்கள் பிழை எல்லை. 100 பேரிடம் கேட்டால் 10 விழுக்காட்டுப் புள்ளி; 400 பேர் என்றால் 5; 625 பேர் என்றால் 4; 2,500 பேர் என்றால் 2; 10,000 பேர் என்றால் 1. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பேரிடம் கேட்க வேண்டும். செலவு நான்கு மடங்காகும். பலன் இரண்டு மடங்குதான். தேசிய அளவிலான கருத்தாய்வுகள் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் பேருடன் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

தேர்தல் துறை சொல்லும் 4 புள்ளிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறு வாக்களிப்பு நிலையங்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு தொகுதியில் மாதிரி 600 சீட்டுகள். 600இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 24.5. 100ஐ அதனால் வகுத்தால் 4க்குப் பக்கத்தில் வருகிறது.

95 விழுக்காட்டு நம்பகத்தன்மை என்பதன் பொருளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதே முறையில் நூறு தடவை மாதிரி எடுத்தால், ஏறத்தாழ 95 தடவை உண்மையான விடை நாம் சொன்ன எல்லைக்குள் இருக்கும். ஐந்து தடவை தப்பிப் போகும். நம் கையில் இருப்பது அந்த 95இல் ஒன்றா, ஐந்தில் ஒன்றா என்பது நமக்குத் தெரியாது. புள்ளியியல் பிழையே இல்லாத விடையைத் தருவதாகச் சொல்வதில்லை. எவ்வளவு பிழைக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

எல்லைக்குள் விழும் போட்டி

அப்படிச் சொல்வதன் அருமை, போட்டி கடுமையாகும்போது புரியும். 2015இல் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சிக்கும் மக்கள் செயல் கட்சிக்கும் இடையிலான இறுதி வேறுபாடு 2 விழுக்காட்டுப் புள்ளிக்கும் குறைவு. மறு எண்ணிக்கை நடத்திய பிறகே முடிவு உறுதியானது. அத்தகைய இடத்தில் 4 புள்ளி பிழை எல்லை கொண்ட எந்த மாதிரியும் வென்றவர் யார் என்று சொல்ல முடியாது. 2011 அதிபர் தேர்தலில் முதலிரு வேட்பாளர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு அரை விழுக்காட்டுப் புள்ளியைக்கூட எட்டவில்லை. அங்கே ஒவ்வொரு சீட்டையும் எண்ணுவதைத் தவிர வேறு வழியே இல்லை.

ஆகவே ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளி. அடுத்துப் பார்க்க வேண்டியது பிழை எல்லை. இடைவெளி பெரிதாக இருந்தால் நம்பலாம். எல்லைக்குள் அடங்கிவிட்டால், ‘தெரியவில்லை’ என்பதே நேர்மையான விடை.

இரண்டு மில்லியன் பதில்கள், ஒரு தவறான விடை

அதிகம் பேரிடம் கேட்டால் பிழை குறையும் என்றோமே, அப்படியானால் மில்லியன் கணக்கானோரிடம் கேட்டால் பிழையே இருக்காதா? 1936இல் அமெரிக்காவில் இது சோதிக்கப்பட்டது.

‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வார இதழ் அதற்கு முந்தைய சில அதிபர் தேர்தல்களின் முடிவுகளைச் சரியாகக் கணித்துப் பெயர் பெற்றிருந்தது. 1936 தேர்தலுக்கு முன்பு சுமார் 10 மில்லியன் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. 2.3 மில்லியனுக்கும் அதிகமானோர் பதில் அனுப்பினர். குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லேண்டன் எளிதாக வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால், அப்போதைய அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் 61 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளுடன், 48 மாநிலங்களில் 46இல் வென்றார். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப், அந்த 2.3 மில்லியனுடன் ஒப்பிட்டால் மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

எங்கே தவறியது? முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார் உரிமையாளர் பட்டியல் போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தனர். அது பொருளியல் பெருமந்தக் காலம். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தோர். ரூஸ்வெல்ட்டின் பலமோ ஏழைகளிடமும் தொழிலாளர்களிடமும் இருந்தது. இது முதல் ஓட்டை. இரண்டாவது ஓட்டை இதைவிட நுட்பமானது. சீட்டு கிடைத்தவர்களில் நான்கில் ஒருவர்தான் பதில் அனுப்பினார். மாற்றம் வேண்டும் என்ற வேகத்தில் இருந்தவர்களே அதிக அக்கறையுடன் பதில் எழுதினர். பதில் எழுதாமல் இருந்தவர்களின் கருத்து வேறாக இருந்தது. அந்த இதழ் அதன்பின் இரண்டே ஆண்டுகளில் நின்றுபோனது.

இன்று நம் கைப்பேசிக்கு நாள்தோறும் வந்து சேரும் வாட்ஸ்அப் கருத்துக்கணிப்புகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ‘5,000 பேர் பதிலளித்தனர்’ என்று போட்டிருப்பார்கள். யார் அந்த 5,000 பேர்? அந்த இணைப்பு சென்ற குழுக்களில் இருப்பவர்கள். அவர்களிலும் அந்த விவகாரத்தில் கோபமோ ஆர்வமோ உள்ளவர்கள். வாட்ஸ்அப் பயன்படுத்தாத தாத்தாவும், இரவு வேலைக்குப் போய்வந்து தூங்கும் பாதுகாவல் அதிகாரியும் அதில் இல்லை. பதில்கள் பெருகப் பெருக, தவறான விடையில் நமக்கு உள்ள நம்பிக்கை மட்டும்தான் கூடும்.

மாதிரியில் இருப்பது யார் என்பதை ஆர்வம் தீர்மானிக்கக் கூடாது. குலுக்கல் தீர்மானிக்க வேண்டும். மொத்தத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு எவ்வளவு என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்குச் செல்லும்.

அறுபத்தேழு பேரின் குரல்

இனி நம் சமூகத்தை நேரடியாகத் தொடும் ஒரு சிக்கல். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. சிங்கப்பூர்வாசிகளில் 9 விழுக்காடு.

மலேசியாவில் ஆயிரம் பேரிடம் ஒரு நாடளாவிய ஆய்வு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த முடிவின் பிழை எல்லை ஏறத்தாழ 3 புள்ளிதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஆயிரத்தில் இந்தியர்கள் சுமார் 67 பேர். நம் வாய்ப்பாட்டின்படி அவர்களுக்கான பிழை எல்லை 12 புள்ளி. ‘இந்தியர்களில் 45 விழுக்காட்டினர் வாழ்க்கைச் செலவு பற்றிக் கவலை கொண்டுள்ளனர்’ என்று அந்த ஆய்வு சொன்னால், உண்மை 33இலிருந்து 57 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

அடுத்த ஆண்டு அதே ஆய்வு 52 விழுக்காடு என்று சொன்னால், ‘இந்தியர்களிடையே கவலை 7 புள்ளி உயர்வு’ என்ற தலைப்பு வந்துவிடும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். 12ஐயும் 12ஐயும் அப்படியே கூட்டுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி அதன் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். அது 17 வரும். 7 புள்ளி உயர்வு அந்த 17க்குள் சுலபமாக மறைந்துவிடும். நடந்தது உயர்வா, வெறும் குலுக்கலின் விளையாட்டா என்று யாராலும் சொல்ல முடியாது.

சிறுபான்மைச் சமூகத்தைப் பற்றிய பல தலைப்புச் செய்திகளை இந்தக் கண்ணோட்டத்துடன் படிப்பது நல்லது. நம்மைப் பற்றி நல்லதாகச் சொன்னாலும் கெட்டதாகச் சொன்னாலும் அடிப்படை 60, 70 பேரின் பதிலாக இருக்கக்கூடும்.

இதற்குத் தீர்வு உண்டு. சிறு குழுவிலிருந்து வேண்டுமென்றே அதிகம் பேரைத் தேர்ந்தெடுப்பது. 67 பேருக்குப் பதிலாக 400 இந்தியர்களிடம் கேட்டால் பிழை எல்லை 5 புள்ளியாகக் குறையும். பிறகு நாட்டு மொத்தத்தைக் கணக்கிடும்போது, அந்த 400 பேரின் குரலையும் மக்கள்தொகையில் அவர்களுக்குரிய 6.7 விழுக்காட்டு எடைக்குக் குறைத்துவிடுவார்கள். மொத்தமும் கெடாது, சிறு குழுவின் குரலும் தெளிவாகக் கேட்கும். ஓர் ஆய்வு நம்மைப் பற்றிப் பேசினால், ‘எத்தனை இந்தியர்களிடம் கேட்டீர்கள்?’ என்பதே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கேள்வியின் சொற்கள்

மாதிரி சரியாக இருந்தும் விடை சறுக்கலாம். காரணம், கேள்வி.

சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழியாகத் தமிழைக் குறிப்பிட்ட, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காடு என்று காட்டியது. 2010இல் அது 3 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. நம்மில் பலரைக் கலங்கவைத்த எண்கள் இவை.

முதல் கேள்வி: இது மாதிரிப் பிழையாக இருக்குமா? மொழி பற்றிய விவரங்கள் ஒவ்வொரு வீட்டிலும் சென்று திரட்டப்பட்டவை அல்ல. சுமார் 150,000 குடும்பங்கள் கொண்ட மாதிரியிலிருந்து வந்தவை. ஒரே வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் பேசுவார்கள் என்பதால், வீட்டுக்கு ஒரே ஒருவர் என்று வைத்துக் கணக்கிட்டாலும்கூட, 2.5 என்ற எண்ணின் பிழை எல்லை 0.1 புள்ளிக்கும் குறைவு. (எண் 50 விழுக்காட்டைவிட்டு வெகுவாக விலகும்போது பிழை எல்லை நம் எளிய வாய்ப்பாடு சொல்வதைவிடக் குறையும்.) ஆகவே சரிவு உண்மையானது. மாதிரியைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது கேள்வி: அந்த எண் எதை அளக்கிறது? கேள்வி, ‘மிக அதிகமாக’ப் பேசும் மொழியைக் கேட்கிறது. விடை ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். பாட்டியும் தாத்தாவும் தமிழில் பேசிக்கொள்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம். பாட்டியிடம் மட்டும் “சாப்பிட்டீங்களா பாட்டி?” என்று தமிழில் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது? பத்தில் ஆறு பங்கு ஆங்கிலம் என்றால் ஆங்கிலக் கட்டம்தான். மீதி நான்கு பங்குத் தமிழ் அந்த எண்ணில் தெரியாது. ஐந்தரைப் பங்குத் தமிழ் நான்கரைப் பங்காகக் குறைந்தாலே போதும், ஒருவர் ஒரு கட்டத்திலிருந்து மறுகட்டத்துக்குத் தாவிவிடுவார்.

2020 கணக்கெடுப்பு இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. வீட்டில் பேசும் இரண்டாவது மொழியையும் கேட்டது. ஆங்கிலத்தை முதன்மையாகப் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு தாய்மொழியையும் வீட்டில் பேசுவதாக அதில் தெரியவந்தது. எல்லா இனங்களையும் சேர்த்த எண் இது. ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டதால், ‘மறைந்துகொண்டிருக்கும் மொழி’ என்ற படம், ‘இரண்டாம் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருக்கும் மொழி’ என்ற படமாக மாறுகிறது.

இதில் ஆறுதலும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு. இரண்டு நிலைமைக்கும் மருந்து வேறு. வீட்டில் தமிழே இல்லை என்றால் தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டும். தமிழ் இருக்கிறது, ஆனால் பாட்டியிடம் மட்டும்தான் என்றால், பாட்டிக்குப் பிறகும் அந்தப் பிள்ளை பேசுவதற்கு ஆள் தேட வேண்டும். எந்த மருந்து என்பதைத் தீர்மானிப்பது, கேள்வித்தாளில் உள்ள ஒரு சொல்.

சொல்லத் தயங்கும் பதில்

சில கேள்விகளுக்கு மக்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள். சூதாட்டம், கடன், வீட்டு வன்முறை போன்றவை. நேரில் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். 1965இல் அமெரிக்கரான ஸ்டேன்லி வார்னர் இதற்கு ஓர் அழகான வழியை முன்வைத்தார். அதன் எளிய வடிவம் இது.

பதிலளிப்பவர் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் ‘ஆம்’ என்றால் அது நாணயத்தின் பதிலா, அவருடைய பதிலா என்பது கேட்பவருக்குத் தெரியாது. அவர் மானம் காக்கப்படுகிறது.

400 பேரில் 260 பேர் ‘ஆம்’ என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 200 பேருக்குத் தலை விழுந்திருக்கும். அந்த 200 ‘ஆம்’களையும் கழித்துவிடுங்கள். மீதி 60. பூ விழுந்து உண்மையைச் சொன்ன 200 பேரில் 60 பேர், அதாவது 30 விழுக்காடு. தனி ஒருவரைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் சமூகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டோம். இதற்கான விலை, பிழை எல்லை கூடுவது. அதனால் மாதிரியும் பெரிதாக இருக்க வேண்டும்.

நாமே ஓர் ஆய்வு நடத்தினால்

ஒரு குடியிருப்பு வட்டாரத்தில் உள்ள தமிழ் அமைப்பு, சனிக்கிழமை காலையில் சிறுவர்களுக்குத் தமிழ் வாசிப்பு வகுப்பு தொடங்கலாமா என்று அறிய விரும்புகிறது. வட்டாரத்தில் பல ஆயிரம் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. என்ன செய்யலாம்?

முதலில், யாரைப் பற்றி அறிய வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘நம் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள்’ என்பதும் ‘நம் நிகழ்ச்சிகளுக்கு வரும் குடும்பங்கள்’ என்பதும் ஒன்றல்ல. வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர்களை எடுத்தால், ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்களின் கருத்துதான் கிடைக்கும்.

அடுத்தது கேள்வி. ‘நம் தாய்மொழியைக் காக்கும் இந்த வகுப்பை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் யார் இல்லை என்பார்? ‘வகுப்பு பயனுள்ளதாகவும் கட்டணம் நியாயமாகவும் இருக்குமா?’ என்பது ஒரே மூச்சில் இரண்டு கேள்வி. ‘சனிக்கிழமை காலை 10 மணிக்கு வகுப்பு நடந்தால் அடுத்த மாதம் உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா?’ என்று செயலைப் பற்றிக் கேட்பதே மேல்.

மூன்றாவது முன்னோட்டம். கேள்வித்தாளைப் பத்துப் பதினைந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தாலே எந்தக் கேள்வி புரியவில்லை என்பது தெரிந்துவிடும். 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி.சி.மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் விளையும் பரப்பைக் கணக்கிட முனைந்தபோது, பெரிய ஆய்வுக்கு முன் சிறு ஆய்வுகளை நடத்தி அதில் கற்றதைக் கொண்டு அடுத்ததை வடிவமைத்தார். அவர் வகுத்த இன்னொரு வழியும் நமக்கு உதவும். மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டு குழுவினரிடம் தனித்தனியே கொடுத்து ஆய்வு செய்யச் சொன்னார். இரு குழுவின் விடையும் ஒத்துப்போனால் நல்லது. வெகுவாக வேறுபட்டால், கோளாறு மக்களிடம் இல்லை, கணக்கெடுத்தவர்களிடம் என்பது தெரிந்துவிடும்.

இப்போது 200 குடும்பங்கள் பதிலளித்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். 136 குடும்பங்கள், அதாவது 68 விழுக்காடு, ‘அனுப்புவோம்’ என்கின்றன. பிழை எல்லை 7 புள்ளி. உண்மை 61க்கும் 75க்கும் இடையில் என்று மகிழலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பதிலளித்தவர்களில் 140 குடும்பங்களில் பெற்றோர் 40 வயதைத் தாண்டியவர்கள்; 60 குடும்பங்களில்தான் இளம் பெற்றோர். வட்டாரத்திலோ இரு பிரிவும் பாதிக்குப் பாதி. இளம் பெற்றோருக்குப் பதிலளிக்க நேரமில்லை போலும். மூத்த பெற்றோரில் 80 விழுக்காட்டினர் ஆதரவு. இளம் பெற்றோரில் 40 விழுக்காட்டினர்தான். இரு பிரிவுக்கும் உரிய பாதி எடையைக் கொடுத்தால், மொத்த ஆதரவு 60 விழுக்காடு. நாம் முதலில் போட்ட 61 முதல் 75 வரையிலான எல்லைக்குள் இந்த விடை இல்லவே இல்லை! பிழை எல்லை என்பது குலுக்கலின் விளையாட்டுக்கு மட்டுமே கணக்குச் சொல்லும். பதிலளிக்காதவர்களால் வரும் சாய்வை அது அறியாது.

எடை கொடுத்ததற்கும் ஒரு விலை உண்டு. சிலருடைய பதிலைப் பெருக்கியும் சிலருடையதைச் சுருக்கியும் வைத்ததால், 200 குடும்பங்களின் பதில்கள் ஏறத்தாழ 168 குடும்பங்களின் பதில்களுக்குரிய துல்லியத்தையே தரும். பிழை எல்லை 8 புள்ளியாகிறது. விடை, 52இலிருந்து 68 வரை. பெரும்பான்மையினர் ஆதரவு என்று சொல்ல அது போதும்.

ஆனால், முக்கியமான செய்தி அந்த மொத்தத்தில் இல்லை. மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையே 40 புள்ளி வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டின் பிழை எல்லை ஏறத்தாழ 15தான். ஆகவே அது தற்செயலானதாக இருக்க வாய்ப்பில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகள் இருப்பது இளம் பெற்றோரின் வீட்டில். வகுப்பு யாருக்காகவோ, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சனிக்கிழமை காலையை ஏற்கவில்லை. 68 விழுக்காடு என்ற எண்ணை நம்பி மேசை நாற்காலி வாங்கியிருந்தால், முதல் சனிக்கிழமையன்று பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்திருக்கும். அடுத்த கேள்வி, எந்த நேரம் அவர்களுக்கு ஒத்துவரும் என்பது. அதை அந்த இளம் பெற்றோரிடமே போய்க் கேட்க வேண்டும்.

கதவு தட்டப்படும்போது

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் புள்ளிவிவரத் துறைகள் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஓர் ஆய்வை நடத்திக்கொண்டே இருக்கின்றன. குடும்பச் செலவு, வேலை, வருமானம், உடல்நலம் என்று பல. ஒரு நாள் உங்கள் வீட்டுக்கும் கடிதம் வரலாம். மோசடிக்காரர்கள் மலிந்த காலம் இது; கடிதம் உண்மையானதா என்று துறையின் அதிகாரபூர்வ எண்ணில் அழைத்து உறுதி செய்துகொள்வது முறைதான். உறுதியான பிறகு, ‘நம்மிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?’ என்று ஓரத்தில் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர். உங்களுக்குப் பதிலாக ஆர்வத்தோடு பதில் சொல்ல அடுத்த வீட்டுக்காரர் தயாராக இருந்தாலும், அவர் உங்கள் இடத்தை நிரப்ப முடியாது. அப்படி நிரப்பினால் அது 1936ஆம் ஆண்டின் கதையாகிவிடும். ஆயிரம் பேர் மாதிரியில் நம்மவர்கள் 67 பேர் என்றால், அவர்களில் பத்துப் பேர் கதவைத் திறக்காவிட்டால் மீதி 57 பேரின் பதில்தான் நம் எல்லோருடைய பதிலாகப் பதிவாகும்.

பானையில் எத்தனை சோறு பதம் என்று கணக்குச் சொல்லப் புள்ளியியல் இருக்கிறது. கரண்டி தேடி வரும்போது நாம் ஒதுங்காமல் இருந்தால், அந்தக் கணக்கில் நாமும் இருப்போம்.